யார் சொன்னது, யார் கேட்க: அகப்பாட்டின் உவமையும் வாசகரும்

குறுந்தொகையின் எட்டாம் பாடல் ஆறே அடி. பாடியவர் ஆலங்குடி வங்கனார், திணை மருதம். வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே உதிரும் கனியைக் குளத்து வாளைமீன் கவ்வுகிற ஊருக்குரியவன் அவன். எங்கள் வீட்டில் இருந்தபோது பெரிய பேச்செல்லாம் பேசினான். தன் வீட்டுக்குப் போனதும், எதிரே நிற்பவர் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்குகிற கண்ணாடிப் பிம்பம்போல, தன் மகனைப் பெற்றவளுக்கு அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான். இப்படி ஒரு பெண் பேசுவதாகப் பாட்டு அமைந்திருக்கிறது.

இதில் இரண்டு ஒப்புமைகள் இருக்கின்றன. கண்ணாடிப் பிம்பம் வெளிப்படையானது. உவம உருபு உண்டு. யாருக்கு எது ஒப்பு என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. மாங்கனியும் வாளையும் அப்படி வரவில்லை. எதுவும் எதையும் போல என்று யாரும் சொல்லவில்லை. இலக்கணப்படி பார்த்தால் அந்தக் காட்சி முழுவதும் ‘ஊரன்’ என்ற பெயருக்கு அடைமொழி. அவன் ஊர் எத்தகையது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிட வேண்டும். ஆனால் தமிழ் வாசகர் எவரும் அதை வெறும் ஊர் வருணனையாகப் படித்துவிட்டுக் கடந்து போனதில்லை. கனி யார், வாளை யார் என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது.

விடைகள் பல சொல்லலாம். கனி தலைவன், வாளை பேசுகிற பெண் என்று கொண்டால், ‘நான் மரமேறிப் பறிக்கவில்லை, அவனாகவே வந்து விழுந்தான்’ என்று அவள் தன் தரப்பைச் சொல்கிறாள். வாளை தலைவன், கனி அவனிடம் எளிதாக அகப்படும் பெண்கள் என்று கொண்டால், அதே காட்சியில் அவளுடைய கசப்பு தெரிகிறது. வாளை மனைவி என்றும் கொள்ளலாம்: எந்த முயற்சியும் இல்லாமல் அவனை முழுதாக வாய்க்கப்பெற்றவள் அவள். காட்சி ஒன்றுதான். அதிலிருந்து தற்காப்பும் வரலாம், புகாரும் வரலாம், பொறாமையும் வரலாம். கவிதையின் பொருள் வாசகர் விருப்பத்துக்கு விட்டது என்று சொல்வோர் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். தமிழ் மரபு நிற்கவில்லை. அது கேட்ட அடுத்த கேள்விதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

பாட்டின் அடியில் ஒரு துறைக்குறிப்பு இருக்கிறது. மனைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்ட காதற்பரத்தை, அந்த மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொன்னது என்கிறது அது. சொல்பவள் யார், எந்த நிலையில் சொல்கிறாள், யார் கேட்கச் சொல்கிறாள் ஆகிய மூன்றும் தெரிந்தவுடன் கனியும் வாளையும் தத்தம் இடத்தில் போய் உட்காரத் தொடங்குகின்றன. பழி சுமத்தப்பட்டவள் எதிராளியின் ஆட்கள் முன்னால் பேசுகிறாள். அங்கே அவளுக்குத் தேவைப்படுவது தற்காப்பு. ஆகவே முதல் வாசிப்பு முந்துகிறது. மற்ற இரண்டும் அழிந்துவிடவில்லை, பின்னால் போகின்றன. என் வாசிப்பில் இன்னொன்றும் சேர்கிறது. மரம் நிலத்தில் நிற்கிறது, மீன் நீரில் வாழ்கிறது. கனி தன் இடத்தை விட்டு வேறோர் இடத்தில் விழுகிறது. பாட்டின் பிற்பகுதியும் எங்கள் வீடு, அவன் வீடு என்று இரண்டு இடங்களைத்தான் எதிரெதிரே நிறுத்துகிறது. நிலமும் நீருமாக இருந்த பிளவு அடுத்த அடியில் இரண்டு வீடுகளாகிறது. உள்ளே ஒளிந்திருக்கும் ஒப்புமை வெளிப்படையான உவமைக்கு முன்கூட்டியே தளம் போட்டுவைத்திருக்கிறது.

இவ்வகை ஒப்புமையைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்று பெயரிட்டு ஏனை உவமத்திலிருந்து பிரிக்கிறது. தெய்வம் நீங்கலாக மற்றக் கருப்பொருள்களே உள்ளுறைக்கு நிலம் என்றும் வரையறுக்கிறது. மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில் என அந்தந்த நிலத்தில் கண்ணுக்குத் தெரிகிறவை மட்டும். தெய்வத்தை ஏன் விலக்கினார்கள் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது: கனியை ஆளாகவும் ஆளைக் கனியாகவும் மாற்றிப் படிக்கும் உரிமை உள்ளுறையில் வாசகருக்கு உண்டு; வழிபடுபொருளிடம் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது.

உவமவியலில் இதைவிட நுட்பமான ஒரு விதி இருக்கிறது. தலைவி உவமை சொன்னால் அது அவள் அறிந்த உலகத்திலிருந்து வர வேண்டும். தோழி சொன்னால் அவள் வாழும் நிலத்தை விட்டு விலகக் கூடாது. தலைவன் சொன்னால் அவனுடைய அறிவின் வலிமை தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு இத்தகைய எல்லை இல்லை. உவமையின் அழகைப் பற்றியோ புதுமையைப் பற்றியோ இந்த விதி கவலைப்படவில்லை. இந்த வாயிலிருந்து இந்த உவமை வருமா என்பதே அதன் கேள்வி. செய்யுளியல் செய்யுளுக்கு உறுப்புகளாக முப்பத்துநான்கைச் சொல்லும்போது, சீர், அடி, தொடை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகியவற்றையும் வைக்கிறது. முன்னம் என்பது, இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு உரியது என்று கேட்பவர் குறிப்பால் உணரும்படி அமைவது. எச்சம், சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் நிறைவு செய்துகொள்வது. வாசகர் செய்கிற வேலை செய்யுளின் உறுப்பாகவே எண்ணப்பட்டிருக்கிறது. இலக்கண நூல்களில் இதற்கு ஈடான துணிச்சலை நான் அதிகம் கண்டதில்லை.

ஆனால் துறைக்குறிப்பை எழுதியவர் கவிஞர் அல்லர். பாடல்களைத் தொகுத்தவர்களோ அவர்களுக்குப் பின் வந்தவர்களோ எழுதிச் சேர்த்தவை அவை என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. இதைச் சொல்லித் துறைக்குறிப்புகளை ஒதுக்கிவிடுவோர் உண்டு. எனக்கு அவற்றின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. அகப்பாட்டைப் படித்த ஒருவர், தாம் படித்த விதத்தைப் பதிந்துவைத்த பழைய சான்று துறைக்குறிப்பு. சில பாடல்களுக்கு ஒரு சூழலைச் சொல்லிவிட்டு, இன்னாருக்கு இன்னார் சொன்னதாகவும் கொள்ளலாம் என்று இரண்டாவது சூழலையும் தருகிறார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு வாய்கள் பொருந்தும் என்று ஒப்புக்கொண்ட வாசகர்கள் அவர்கள்.

வாசகர் விட்டுச்சென்ற இன்னொரு தடயம் கவிஞர்களின் பெயர்களில் இருக்கிறது. குறுந்தொகையைத் தொகுத்த காலத்தில் சில பாடல்களுக்கு ஆசிரியர் யாரென்று தெரியவில்லை. பாட்டில் மனத்தில் நின்ற உவமையையே பெயராகச் சூட்டினார்கள். தலைவன் பிரிந்தபோது ஊரே ஆளற்றுப்போன வீட்டின் முற்றமாகத் தோன்றுகிறது என்று பாடியவர் அணிலாடு முன்றிலார். பாறையில் மோதி மோதிச் சிறுகச் சிறுக இல்லாமற்போகும் நுரையைத் தலைவியின் நிலைக்கு ஒப்பிட்டவர் கல்பொரு சிறுநுரையார். ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார் என்று பட்டியல் நீள்கிறது. அவர்கள் ஊர் தெரியாது, குலம் தெரியாது, காலம் தெரியாது. ஏதோ ஒரு தலைமுறை வாசகருக்கு எந்தப் படிமம் மறக்க முடியாததாக இருந்தது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

இங்கே கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு சோதனையை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களுக்குக் கவிதைகளைக் கொடுத்தார். தலைப்பையும் கவிஞர் பெயரையும் நீக்கிவிட்டுக் கொடுத்தார். அவர்கள் எழுதித் தந்த கருத்துகளைப் பதின்மூன்று கவிதைகளுக்குத் திரட்டி ஆராய்ந்து, 1929இல் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற நூலாக வெளியிட்டார். நன்கு படித்தவர்கள் கவிதையின் நேர்ப்பொருளையே பிடிக்கத் தவறியிருந்தார்கள். முன்பே மனத்தில் தயாராக இருந்த உணர்ச்சியைக் கவிதையின் மேல் ஏற்றினார்கள். சொந்த நினைவுகளில் வழுக்கிப்போனார்கள். வாசிப்பில் நேரும் இந்தத் தவறுகளை வகைப்படுத்தியதே அந்த நூலின் பெரிய சாதனை. ரிச்சர்ட்ஸுக்குக் கவிதை தன்னந்தனியாக நின்று பேச வேண்டும். வெளியிலிருந்து வரும் உதவி வாசகரைச் சோம்பேறியாக்கும். அகமரபோ தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே வைக்கக் கூடாது என்று விதித்துவிட்டு, யார் பேசுகிறார் என்பதை மட்டும் வாசகர் கையில் கொடுக்கிறது. இரண்டுமே பெயரை மறைக்கின்றன. ஒன்று மறைப்பது கவிஞரின் பெயரை, மற்றது பாத்திரத்தின் பெயரை.

ரிச்சர்ட்ஸுக்கு எதிர்முனையில் நிற்பவர் ஸ்டான்லி ஃபிஷ். 1971இல் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஒரு வகுப்புக்கான பாடமாகச் சில மொழியியலாளர்களின் பெயர்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். அடுத்து அதே அறைக்கு வந்தவர்கள் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமயக் கவிதை படிக்கும் மாணவர்கள். பெயர்ப் பட்டியலைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, மேலே ஒரு பக்க எண்ணையும் எழுதி, இது ஒரு சமயக் கவிதை, விளக்குங்கள் என்றார். அவர்கள் விளக்கிவிட்டார்கள். ஜேக்கப்ஸ் என்ற பெயர் விவிலியத்து யாக்கோபின் ஏணியானது. ரோசன்பாம் ரோஜா மரமாகி அன்னை மரியாளைக் குறித்தது. கவிதை என்று நம்பிப் படித்தால் எதுவும் கவிதையாகும். பொருள் வாசகர் குழுவின் பழக்கத்திலிருந்து பிறக்கிறது என்று ஃபிஷ் முடிவுகட்டினார்.

இந்தச் சோதனை எனக்குக் காட்டுவது வேறொன்று. அந்த மாணவர்கள் தம் விருப்பம்போல எதையும் சொல்லிவிடவில்லை. சமயக் கவிதை என்று ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தை அவர்களுக்குத் துறைக்குறிப்பாக வேலை செய்தது. இது சமயக் கவிதை என்று தெரிந்தால் மரம் சிலுவையாகும். காதற்பரத்தை பேசுகிறாள் என்று தெரிந்தால் மாங்கனி தலைவனாகும். வேறுபாடு, குறிப்பு பாட்டின்மேல் பொருந்துகிறதா என்று பின்னர் சோதிக்க முடிகிறதா என்பதில் இருக்கிறது. பெயர்ப்பட்டியலில் சோதிக்க எதுவும் இல்லை. எட்டாம் பாடலில் எங்கள் வீடும் அவன் வீடும் இருக்கின்றன, புதல்வன் தாய் என்ற விலகல் இருக்கிறது, பெரிய பேச்சும் பிறகு வந்த அடக்கமும் இருக்கின்றன. மனைவியே இதைப் பேசுகிறாள் என்று ஒருவர் குறிப்பு எழுதினால் பாட்டு அதை ஏற்காது.

ஒப்புமை என்று தானே காட்டிக்கொள்ளாத காட்சியில் வாசகரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. குறுந்தொகை இருபத்தைந்தாம் பாடல், கபிலர் பாடியது. திருமணத்தைத் தள்ளிப்போடுகிறான் தலைவன். தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு இருந்தது. தினையின் தாள்போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல்மீனுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றது.

குருகு எதைக் குறிக்கிறது? இரையின்மேல் மட்டும் கண்ணாக இருந்த பறவை சாட்சிக்கு உதவாது என்பது ஒரு வாசிப்பு. அசையாமல் நின்று இரையைக் கவ்வக் காத்திருக்கும் பறவையே தலைவன் என்பது இன்னொன்று. பார்த்தும் வாய் திறக்காத ஊராரும் அதுவாகலாம். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் குருகை அவசரமாக வேறொன்றாக மாற்றிவிட்டால் பாட்டின் உயிரான ஒன்று கைநழுவிப்போகிறது. அந்தக் கால்களின் பச்சையும் மெலிவும் அவளுக்கு நினைவிருக்கின்றன. அந்த நாளை அவள் அவ்வளவு துல்லியமாக வைத்திருக்கிறாள். சாட்சி சொல்ல ஆளில்லாதவள் தன் நினைவையே சாட்சியாக முன்வைக்கிறாள். கால்களுக்கு அவள் சொல்லும் உவமையைப் பாருங்கள்: தினைத்தாள். தினைப்புனம் காக்கும் குறிஞ்சிப் பெண் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். தலைவியின் உவமை அவள் அறிந்த உலகிலிருந்து வர வேண்டும் என்ற விதி இங்கே உணர்ச்சியாகிவிட்டது. சொல்பவள் கற்பனை செய்யவில்லை, கண்டதைச் சொல்கிறாள் என்று நம் மனம் நம்புவது அந்த உவமையால்தான். குருகு முதலில் குருகாக நின்ற பிறகே அது வேறெதுவாகவும் ஆக முடியும்.

உள்ளுறைக்கு அப்பாலும் ஒரு குறிப்புப்பொருள் உண்டு, அதை இறைச்சி என்றார்கள். இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவர் உள்ளுறை என்றதை மற்றவர் இறைச்சி என்பதும் நடந்திருக்கிறது. நற்றிணைக்கு உரை எழுதிய பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் பாடல்தோறும் இவை எங்கே இருக்கின்றன என்று தேடிக் குறித்தார். அவருடைய பதிப்பு 1915இல் வெளிவந்தது. எந்தச் சிறு பறவையையும் சும்மா விடாத அந்த உழைப்பு மலைக்க வைக்கிறது. சில இடங்களில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் ஆளைப் பொருத்திக்காட்ட முனையும்போது காட்சி இறுகிப்போவதையும் உணர்கிறேன்.

அப்படி ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திவிட முடியாது என்பதற்கு ஐங்குறுநூற்றிலேயே சான்று இருக்கிறது. நெய்தல் பாடிய அம்மூவனார் வெள்ளாங்குருகுப் பத்து என்று பத்துப் பாடல்கள் பாடியிருக்கிறார், 151 முதல் 160 வரை. குருகின் குஞ்சைக் காணப்போன நாரை என்ற அதே காட்சியோடுதான் பத்தும் தொடங்குகின்றன. அதன் பிறகு நாரை ஒரு பாட்டில் நெய்தல் பூவை மிதிக்கிறது, இன்னொன்றில் கையற்றுக் கதறுகிறது, மற்றொன்றில் இறகை உதிர்த்துப்போகிறது. படிமம் மாறவில்லை. பேசும் நிலையும் பறவை செய்யும் ஒரு செயலும் மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் வாசகர் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நாரை என்றால் இன்னது என்று அகராதி எழுத விரும்புகிறவரை அம்மூவனார் பத்து முறை மறுக்கிறார்.

சூழலைக் கழற்றிவிட்டுப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்று எல்லோரும் அறிந்த பாடலே போதும். செம்மண்ணில் பெய்த மழைநீர்போல இரண்டு நெஞ்சங்கள் கலந்தன என்று சொல்லும் குறுந்தொகை நாற்பதாம் பாடல் 1997இல் வந்த ‘இருவர்’ படப் பாட்டிலும் எதிரொலித்தது. காதலின் கொண்டாட்டமாகவே அதை நாம் அறிகிறோம். துறைக்குறிப்பு வேறொரு நொடியைக் காட்டுகிறது. கூடிய பின், இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள். அந்தக் குறிப்பை முகத்தில் கண்டு அவன் பேசுகிறான். இப்போது அந்த உவமை ஓர் அச்சத்துக்கு மறுமொழி. கலந்த நீரை மண்ணிலிருந்து பிரிக்க முடியாது என்று அவன் சொல்வது அவளைத் தேற்றுவதற்காக. அவள் வாய் திறக்கவே இல்லை. பாட்டில் இல்லாத அவளுடைய பயம்தான் பாட்டைப் பேசவைக்கிறது. கொண்டாட்டமாகப் படிப்பது பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் அப்படிப் படிப்பவர் அவளைக் காணாமல் போகிறார். எனக்கு அது பெரிய இழப்பு.

சொல் சொல்லாக நின்று படிப்பது நமக்கு மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. ஆனால் தொல்காப்பியத்தின் ‘நோக்கு’ என்ற உறுப்புக்கு உரை சொல்ல வந்த பழைய உரைகாரர் பேராசிரியர், அகநானூற்று நான்காம் பாடலை எடுத்துக்கொண்டு அதில் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று தொடர்ந்து காட்டிக்கொண்டே போகிறார். பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவைத்து வருகிறான் அப்பாட்டின் தலைவன். வண்டுக்கே இரங்குபவன் உனக்கு இரங்காமல் இருப்பானா என்று தலைவியைத் தேற்றும் குறிப்பை அங்கே எழுதிவைக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு சொல்லின் மேல் முழுப்பாட்டின் வாசிப்பும் திரும்பிவிட்ட வழக்கும் நம் மரபில் உண்டு. நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடி. வாடைக்காலத்து நள்ளிரவு. அரண்மனையில் அரசி தூக்கமின்றிக் கிடக்கிறாள். கட்டிலின் மேல்விதானத்தில் சந்திரனைப் பிரியாத உரோகிணியை எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கவிதைக்குள்ளேயே ஒரு வாசகி இருக்கிறாள்: வானநூல் ஓவியம் ஒன்றைத் தன் பிரிவின் உவமையாகப் படிப்பவள். பாசறையில் அரசனும் தூங்கவில்லை, புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். இருவருக்கும் பெயர் இல்லை. அகம் என்று சொல்ல எல்லாத் தகுதியும் இருக்கிறது. ஆனால் அரசனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர் பூ. அடையாளப் பூவைச் சொல்லிவிட்டதால் ஆளைச் சுட்டியதாயிற்று, ஆகவே இது அகமாகாது, புறம் என்றார் உரைகாரர் நச்சினார்க்கினியர்.

அவருடைய முடிவைப் பலர் ஏற்கவில்லை. ஒரு பூவுக்காக இவ்வளவு துயரத்தையும் புறத்தில் சேர்ப்பதா என்பது அவர்கள் வாதம். எனக்கு நச்சினார்க்கினியர் பக்கமே சாயத் தோன்றுகிறது, விதிக்காக அல்ல. வேம்பைக் கவனிக்காதவரை அவள் பிரிந்திருக்கும் எந்தத் தலைவியாகவும் இருக்கலாம். கவனித்த பிறகு, அந்த அரசன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று மரபு கொண்டதற்குக் காரணம் விளங்குகிறது. பாசறையில் புண்பட்டுக் கிடப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட மன்னனின் போரில் புண்பட்டவர்கள். அரண்மனையில் உறங்காத கண்கள் அதே போருக்குச் செலுத்தும் விலை. வெற்றியைப் பாட வந்த நக்கீரர் அதன் செலவை அரசியின் கட்டிலருகே எழுதிவைத்திருக்கிறார் என்று அப்போதுதான் படிக்க முடிகிறது.